கிழக்குச் சுவர்

கோபத்தோடு கோயிலுக்குள் நுழையக் கூடாது என்று எனக்குச் சொல்லித் தந்தார்கள். நானும் இப்போது பிள்ளைகளுக்கு அதையே சொல்லித் தருகிறேன். ஸ்காபரோவில் எங்கள் கோயிலில் வெள்ளிதோறும் பதிகம் பாடுகிறவள் நான். தலை பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. என் பாட்டைக் கேட்டுக் கண் மூடி உருகுகிறவர்களும் உண்டு. பாட்டில் தலத்தின் பெயர் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சுக்குள் ஒரு கோபம் எழுந்து நிற்பதை அவர்கள் அறியமாட்டார்கள். முப்பது ஆண்டுகளைத் தாண்டியும் அது தணியவில்லை. பன்னிரண்டு வயதில் நானாயிருந்த அந்தச் சிறுமியின் மேல் வந்த கோபம் அது.

தொண்ணூறுகளின் தொடக்கம். போருக்குத் தப்பி நாங்கள் கனடாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சென் ஜேம்ஸ் ரவுணில் பதினான்காம் மாடியில் குடியிருந்தோம். அப்பா மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலைக்கு விடியுமுன் புறப்பட்டுவிடுவார். அம்மாவுக்கு, பாதர்ஸ்ட் வீதியில் தனியே வாழ்ந்த ஒரு யூதப் பெரியவரின் வீட்டைக் கூட்டித் துடைத்து உடுப்புத் தோய்க்கும் வேலை கிடைத்திருந்தது. பெரியவருக்கு எண்பது வயதிருக்கும். கண் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அந்த வசந்தத்தில் மனைவி இறந்துபோக, மகன் அவரைப் பழைய வீட்டிலிருந்து இந்தச் சிறிய அடுக்குமாடி வீட்டுக்கு மாற்றிக் குடியேற்றிவிட்டு மொன்றியலுக்குத் திரும்பிப் போயிருந்தார்.

இரண்டாம் நாளே பெரியவர் அம்மாவின் கையில் வீட்டுச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, கொடுத்துவிட்டார். கனடாவில் எங்களை நம்பி ஒருவர் தந்த முதல் திறப்பு அது. அம்மா அதை ஊசியால் தாலிக்கொடியில் கொழுவி வைத்திருந்தார். பள்ளி விடுமுறையாகையால் என்னையும் கூட்டிப் போவார். அம்மாவின் ஆங்கிலம் ‘யெஸ்’ஸோடும் ‘தாங்க் யூ’வோடும் நின்றுவிடும். அதற்கு மேற்பட்டதெல்லாம் என் வாய் வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த வாய் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

பெரியவர் தன் பாத்திரங்களை எங்களைத் தொட விடமாட்டார். பாலுக்கு ஒரு தட்டு, இறைச்சிக்கு வேறு தட்டு. அம்மாவுக்கு அதில் அளவற்ற மதிப்பு. “குருக்கள் வீடு மாதிரி ஆசாரம், பாத்தியே?” என்பார். காலையில் பெரியவர் கறுப்புக் கோடிட்ட வெள்ளைப் போர்வையைத் தோளில் இட்டுக்கொண்டு, கையால் சுவரைத் தடவித் தடவி முன்னறைக்கு வருவார். யன்னலுக்கு அருகே சுவரில் கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு தாள் தொங்கியது. அதில் இரண்டு சிங்கங்கள், நடுவே ஒரு வாசல், பெரிய எழுத்தில் ஒரேயொரு சொல். வேறு உருவம் எதுவும் இல்லை. சட்டத்தின் கீழ் விளிம்பு விரலில் தட்டுப்பட்டதும் நிற்பார். மூன்று அடி பின்வைத்து, மூன்று அடி முன்வைத்து, இரண்டு பாதங்களையும் சேர்த்துக்கொண்டு உதடு மட்டும் அசைய நெடுநேரம் நிற்பார். முடிந்ததும் மீண்டும் மூன்று அடி பின்னே. அரசன் முன்னிருந்து விடைபெறுகிறவர் போல. அவ்வளவு நேரமும் அம்மா வக்யூமை நிறுத்திவிட்டுச் சமையலறையில் கைகட்டி நிற்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் நாங்கள் போனபோது பெரியவர் சப்பாத்தில்லாமல் தரையில் அமர்ந்திருந்தார். ‘குட் மோர்னிங்’ சொன்னோம், பதில் இல்லை. தண்ணீர் கொடுத்தார் அம்மா. தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

“ஐயோ, செத்த வீடுபோலக் கிடக்கு. ஆர் செத்தது எண்டு கேள் பிள்ளை.”

கேட்டேன். “ஒரு வீடு” என்றார் பெரியவர்.

“வீடு செத்துப் போச்சாம்” என்று சொல்லிவிட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

“இளிக்காதை. எந்த வீடு, எப்ப எண்டு வடிவாக் கேள்.”

ஜெருசலேமில் இருந்த அவர்களுடைய கோயிலைத்தான் அவர் வீடு என்றார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதைக் கொளுத்தி இடித்தார்களாம். இடித்த நாள் இன்றுதானாம். பிறகு சுவரிலிருந்த சட்டத்தின் பக்கம் கையைக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார். கேட்டுக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை. “உது அவையின்ர கோயில் படமாம்” என்று முடித்துவிட்டேன்.

அம்மா அன்று வேலை முடித்துப் புறப்படும்போது ‘போட்டு வாறன்’ என்றுகூடச் சொல்லவில்லை. செத்த வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. சப்வேயில் வரும்போது, “ரெண்டாயிரம் வருசம்” என்றார். “எங்களுக்கு இப்ப ஒரு வருசம்தான் ஆகுது.”

எங்கள் ஊர்க் கோயில் அப்போது இராணுவத்தின் வேலிக்குள் போயிருந்தது. விளக்கு வைக்கவும் ஆளில்லை. அதைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டுக் கேட்டு அலுத்த கதை என்பதால் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அம்மா ஒரு புண்ணியம் செய்தார். எங்கள் வழக்கத்தில் சுவாமி கிழக்குப் பார்க்க வேண்டும். படத்தை மேற்குச் சுவரில் மாட்டி, நாம் அதன் முகம் பார்த்து நிற்போம். பெரியவர் வீட்டிலோ படம் கிழக்குச் சுவரில் தொங்கி மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. “இவ்வளவு பக்தியான மனுசன். மகன்காரன் அவசரத்திலே பிழையான சுவரிலே கொழுவிப்போட்டுப் போட்டான். கண் தெரியாத மனுசனுக்கு ஆர் சொல்லுறது?” பெரியவர் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

குளித்து வந்த பெரியவர் வழக்கமான சுவரைத் தடவினார். சட்டம் அகப்படவில்லை. மீண்டும் தடவினார். “இந்தப் பக்கம் என்றல்லவா நினைத்தேன்?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அம்மாவுக்கு அது விளங்கவில்லை. ஓடிப் போய், “யெஸ் சேர், ஹியர் சேர்” என்று அவர் கையை மெல்லப் பிடித்து எதிர்ச் சுவருக்கு நடத்திப் போய், விரலைச் சட்டத்தின் விளிம்பில் வைத்தார். பெரியவர் சிறிது நேரம் தயங்கி நின்றார். பிறகு அம்மாவின் கைக்கு நன்றி சொன்னார். நான் சோபாவில் கால் நீட்டி, நூலகத்திலிருந்து எடுத்த கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது என் காதில் விழுந்தது. எழும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து பெரியவர் மேற்குச் சுவரைப் பார்த்து நின்றார். காலை, பிற்பகல், இரவு என்று நாளுக்கு மூன்று வேளை.

இரண்டு கிழமைகள் போயிருக்கும். யன்னலில் தொங்கிய தடித்த திரைச்சீலைகளை அம்மா தோய்ப்பதற்காகக் கழற்றினார். முன்பிருந்தவர்கள் விட்டுப்போன திரைகள். அவை விலகி நான் பார்த்ததேயில்லை. காலை வெயில் அறை முழுவதும் கொட்டியது. பெரியவர் வந்து நின்றதை அம்மா கவனித்திருக்கவில்லை; அவர் அப்போது பாதங்களைச் சேர்த்துத் தொழுகையின் நடுவில் நின்றிருந்தார். வெயில் அவர் பிடரியில் விழுந்தது.

அவருடைய உதடு நின்றுவிட்டது. ஒரு கை மெல்லப் பின்னே போய்ப் பிடரியைத் தொட்டது. முகத்தில் பட வேண்டிய காலை வெயில் முதுகில் ஏன் படுகிறது என்று அந்தக் கை தேடியது. ஆனாலும் அவர் திரும்பவில்லை. அந்தத் தொழுகையில் நின்றபின் பாதம் பெயரக் கூடாதாம். உதடு மீண்டும் அசையத் தொடங்கியது. முழுவதையும் சொல்லி முடித்தார். குனிந்தார். மூன்று அடி பின்னே வைத்தார். அதன் பிறகுதான் சட்டத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கத்தினார்.

அவர் பேசிய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன். “யார் மாற்றியது? இதை யார் மாற்றியது?”

“நான்தான் எண்டு சொல்லு பிள்ளை. சாமி கிழக்க பாக்க வேணும், அதுதான் மாத்தினனான் எண்டு சொல்லு.”

அதைச் சரியாகவே சொன்னேன்.

“இதற்குள்ளே சாமி இல்லை!” என்று அலறினார் பெரியவர். “இது வெறும் கடதாசி! ‘கிழக்கு’ என்று எழுதி, ஜெருசலேமை எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று சொல்லும் கடதாசி! அந்த வீட்டில் பலி கொடுத்த வேளைகளில் இன்று நாங்கள் வெறும் சொல்லோடு நிற்கிறோம். வீடு போய்விட்டது. வேளையும் திசையும்தான் மிச்சம். அதுவும் போனால் நான் சுவரோடு பேசுகிற கிழவன்! உலகப் போர்க்காலத்தில் யன்னல் இல்லாத கொட்டகையில் எங்களை அடைத்து வைத்தார்கள். புத்தகம் இல்லை, போர்வை இல்லை. அங்கேகூடக் கிழக்கு எது என்று ஒருவரையொருவர் கேட்டுத் தெரிந்துகொண்டோம். இங்கே, இந்தச் சுத்தமான அறையில், ஒரு பெண் என் கையைப் பிடித்து என் முதுகை அதற்குக் காட்ட வைத்துவிட்டாள். என் புத்திதான் தடுமாறிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு கிழமையாக இரவில் படுத்து, எனக்கு மூளை கலங்குகிறதா என்று நடுங்கினேன்!”

அம்மா தலை குனிந்து, கை கூப்பி நின்றார். எதிரில் நிற்பவர் அதைக் காண மாட்டார் என்ற நினைவே இல்லாமல் கூப்பி நின்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாள் முழுக்க முழந்தாளில் நின்று அவர் வீட்டுத் தரையைத் துடைக்கும் என் அம்மாவின் மேல் இந்த மனிதர் எப்படிக் கத்தலாம்?

“என்னவாம்?” என்றார் அம்மா. அவர் சொன்னதைச் சொன்னேன். பாதியைத்தான் சொன்னேன். அந்தப் பாதியே அம்மாவுக்குப் போதுமாயிருந்தது. கண் நிறைந்துவிட்டது.

“சொல்லு பிள்ளை, ஒண்டும் விடாமல் சொல்லு. அறியாமல் செய்தனான். எங்கட கோயில் வாசலிலேயும் இப்ப ஆமிக்காரன் நிக்கிறான். எனக்கும் திரும்பிப் பாக்கிறதுக்குத் திசை ஒண்டுதான் மிச்சம். மற்றவரின்ர திசையை மாத்தின பாவம் எனக்கு வேண்டாம். நாளைக்குப் பச்சைத் தண்ணியும் படாமல் விரதம் இருக்கிறன் எண்டு சொல்லு. ஐயாவை மன்னிக்கச் சொல்லு.”

பெரியவர் என் குரலுக்காகக் காதைத் திருப்பிக் காத்திருந்தார். நான் தெளிவான ஆங்கிலத்தில், பள்ளியில் ஆசிரியர் மெச்சும் உச்சரிப்பில் சொன்னேன்:

“வெறும் கடதாசி என்று நீங்களே சொல்லிவிட்டீர்களாம். இடிந்துபோன வீட்டுக்கு எந்தப் பக்கம் நின்றால் என்ன என்று அம்மா கேட்கிறார். சுவரோடுதானே பேசுகிறீர்களாம்.”

பெரியவரின் முகத்திலிருந்த கோபம் ஒரு நொடியில் வடிந்துபோயிற்று. அதன் பிறகு அங்கே தெரிந்ததைக் காட்டிலும் அந்தக் கோபமே மேலாயிருந்தது. “திறப்பை மேசையில் வைக்கச் சொல்” என்றார், மிகவும் மெதுவாக.

அம்மா ஊசியைக் கழற்றித் திறப்பை மேசையில் வைத்தார். வாசலில் திரும்பி ஒரு கணம் நின்றார். ‘போட்டு வாறன்’ என்று சொல்லவில்லை.

அன்று மாலை அப்பா கொதித்தார். “சாமிக்குத் திசை சொல்லப் போய் இருந்த வேலையையும் துலைச்சுப்போட்டு வந்து நிக்கிறா! உமக்கு ஏனப்பா அவையின்ர படம்?” அம்மா, தன் வேண்டுதலைக் கேட்டும் பெரியவர் மன்னிக்கவில்லை என்றே நம்பினார். அவர் மன்னிக்காததில் நியாயம் இருக்கிறது என்றும் நம்பினார். மறுநாள் சொன்னபடியே தண்ணீரும் தொடாமல் இருந்தார். நான் அவர் முன்னால் அமர்ந்து பாண் துண்டில் பட்டர் பூசித் தின்றேன். என் கோபம் ஆறவில்லை. அந்தக் கிழவருக்காக அம்மா ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

பிற்பகலில் அம்மா என் பள்ளிப் பையிலிருந்த உலகப் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். “பிள்ளை, நீ படிச்சனி. இஞ்சயிருந்து எங்கட ஊர் எந்தப் பக்கம் எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு.”

நான் படத்தைப் பார்க்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. பாண் பிடித்திருந்த கையின் ஒரு விரலை நீட்டினேன். அது பிரிட்ஜ் நின்ற சுவரைக் காட்டியது.

“அதுவோ?”

“ஓம், அதுதான்.”

அன்றிலிருந்து அம்மா, அலுமாரித் தட்டில் இருந்த சுவாமிப் படங்களுக்கு மின்விளக்கைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, பிறகு அந்த பிரிட்ஜின் முன்னால் போய்க் கண் மூடி நின்றார். மல்வேர்னுக்கு வீடு மாறியபோது சூரியனை வைத்துக் கணக்குப் பார்த்து அதே திசையைத் தேடிப் பிடித்தார். கடைசி வரைக்கும் அதுதான் அவருடைய திசை. வருகிறவர்கள் கேட்டால், “பிள்ளை பாத்துச் சொன்னவள்” என்று பெருமையோடு சொல்லுவார். நான் பக்கத்தில் நிற்பேன்.

நான் பாடும் பதிகங்களெல்லாம் ஏதோ ஓர் ஊரைப் பார்த்தே நிற்கின்றன. அந்த ஊரின் பெயர் வரும்போது எந்தப் பக்கம் முகம் திருப்புவது என்று எனக்கு இன்றும் தெரியாது. உலகப் படத்தை விரித்துப் பார்க்கத் துணிவும் வந்ததில்லை. பெரியவரின் காதுக்கு எட்டாமல் போன அம்மாவின் மன்னிப்பை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவும் இல்லை. துணிந்து போனபோது அவர் வீட்டுக் கதவைத் திறந்தது வேறு யாரோ.

பன்னிரண்டு வயதில் எனக்கு விளங்காதது ஒன்றுதான். அன்று அம்மா என்னிடம் கேட்டது வழி அல்ல. தன்னை நடத்திப் போகச் சொல்லிக் கண் தெரியாதவர் நீட்டுவதுபோலக் கையை நீட்டியிருந்தார். பெரியவருக்காவது ஒரு காலை பிடரியில் வெயில் பட்டது. பிரிட்ஜ் நின்ற சுவரில் யன்னல் இல்லை.