வைக்கோல் கட்டிய பாதை

ஜெர்மனியில், கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் இருந்த முதல் இரண்டு வருடமும் நான் சாமியிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். எங்கள் குடியிருப்பு அனுமதியை நீட்டிக்க முடியாது என்று வெளிநாட்டவர் அலுவலகம் சொல்லிவிட வேண்டும். என் கணவரும் தினமும் அதே சாமி படத்தின் முன்னால்தான் நின்றார், நேர் எதிரான வேண்டுதலோடு.

எழுபதுகளின் தொடக்கம் அது. அவர் ஓர் ஆய்வுக்கூடத்தில் உலோகங்களைச் சூடாக்கி, வளைத்து, உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்தவள். இங்கே அவருடைய தாள்களில் ஒட்டிக்கொண்டு வந்த மனைவி, அவ்வளவுதான். நாலாவது மாடி வீடு. கடைக்குப் போனால் குழந்தைகள் என் பொட்டைப் பார்த்துவிட்டு அம்மாவின் கோட்டை இழுக்கும். வேலை பார்க்க எனக்கு அனுமதி கிடையாது. "நீட்டிச்சுத் தரலேன்னா ரொம்ப நல்லது" என்று இரண்டு நாளைக்கு ஒரு முறை அவர் காது படவே சொல்வேன். சண்டைக்கு வராத மனிதரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வருடம் நீட்டிப்புக்காக இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டையும் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை டெர்மின் கொடுத்தார்கள், அதாவது வந்து பார்க்க நாளும் நேரமும். விண்ணப்பத் தாளில் ஒரு கேள்வி இருந்தது: இந்த நாட்டில் உங்கள் மேல் ஏதாவது வழக்கோ அபராதமோ உண்டா? 'இல்லை' என்று எழுதிய நாளிலிருந்து என் கணவர், ஈ காக்கை இல்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்க ஆரம்பித்தார். சிகரெட் துண்டைக் கீழே போடுபவர்கள் பக்கத்தில் நிற்கக்கூடப் பயந்தார்.

திங்கட்கிழமைக்கு முந்தைய ஞாயிறன்றுதான் நாங்கள் சைக்கிளில் போனோம்.

அந்தக் கோடையில், முப்பத்தொரு வயதில், நான் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டுக்காரப் பெண்மணி தன் பழைய லேடீஸ் சைக்கிளைத் தந்திருந்தார். ஆளில்லாத இடத்தில் நன்றாக ஓட்டுவேன். பின்னால் லாரிச் சத்தம் கேட்டால் போதும், ஹேண்டில்பார் தானாக லாரி பக்கமே திரும்பும். வண்டியே வராத பாதையாக ஒன்று வேண்டும் என்று இவர் விசாரித்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் பிரான்சில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே அப்படி மைல்கணக்கில் பாதைகள் இருப்பதாக ஆய்வுக்கூடத்தில் ஒருவர் சொன்னாராம். பாஸ்போர்ட் இரண்டும் அலுவலகத்தில் இருக்கும்போது பிரான்சு ஏது? ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கமும் அதே மலைச்சரிவு, அதே திராட்சை. இங்கேயே போகலாம் என்று வரைபடத்தை விரித்துவிட்டார்.

சைக்கிள்களை ரயிலின் சாமான் பெட்டியில் ஏற்றி, ரைன் நதியைக் கடந்து, ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். புடவையோடு சைக்கிள் ஓட்டி ஒரு முறை விழுந்திருந்ததால், நான் அவருடைய பேன்ட்டை இடுப்பில் பெல்ட் போட்டு இறுக்கிக்கொண்டு, அவருடைய சட்டையையும் மாட்டியிருந்தேன். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்ற கவலை ரயிலில் இருந்தவரைக்கும் இருந்தது. அந்த ஊரில் என்னைத் தெரிந்த ஒரு நாய்கூடக் கிடையாது என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது.

ஊரைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறியதும் பாதை தொடங்கியது. டிராக்டர் போவதற்காகப் போட்ட சிமென்ட் பாதை. இரண்டு பக்கமும் கம்பியில் கட்டிய கொடிகள், வரிசை வரிசையாக, மலை முடியும் வரைக்கும். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கம்பு நட்டு, அதன் உச்சியில் வைக்கோலைச் சின்னக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார்கள். நான் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன்.

"பாருங்க. இவங்களும் திருஷ்டிக்குக் கட்டறாங்க."

அவரும் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "ஆமாம்டீ. ஸயின்ஸ் ஸயின்ஸ்னு சொல்லிட்டு இங்க வந்து வைக்கோல் கட்டியிருக்கான் பாரு" என்றார்.

எங்கள் பக்கம் வயலில் வைக்கோல் பொம்மை நிற்கும், புது வீட்டில் பூசணிக்காய் தொங்கும். பார்க்கிறவர்களின் கண் முதலில் அதில் விழட்டும் என்றுதான். அடுத்த பாதை முனையிலும் அதே போல வைக்கோல், அதற்கடுத்ததிலும். எங்கள் இருவருக்கும் சந்தேகம் என்பது எள்ளளவும் வரவில்லை. கண் படும்படிதான் திராட்சை விளைந்திருந்தது. முழங்கால் உயரத்தில் குலை குலையாகத் தொங்கியது. பலகை ஏதாவது இருந்திருந்தால் இவர் நின்று படித்திருப்பார், படிக்காமல் தீப்பெட்டிகூட வாங்காத மனிதர் அவர். பலகை எதுவும் இல்லை.

தூரத்தில் எங்கேயோ டப் டப்பென்று வெடிச் சத்தம் கேட்டது.

"கல்யாணம் போல இருக்கு" என்றார்.

பிறகு ஒரு மணி நேரம் ஓட்டியிருப்போம். ஒரு வண்டி வரவில்லை. ஒரு மனிதர் வரவில்லை. கீழே கூரைகளும் ஒரு மாதா கோவிலும் தெரிந்தன. எதிரே தெரிந்த மலைதான் பிரான்சு, கூப்பிடு தூரம். சரிவில் பெடலை மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை, சக்கரம் ஓடும் சத்தம் மட்டும்தான். இரண்டு வருடத்தில் முதல் முறையாக யாரும் என்னைத் திரும்பிப் பார்க்காத ஒரு மணி நேரம் அது. நான் முன்னால் போனேன், அவர் பின்னால் வந்தார். அதுவும் முதல் முறைதான். எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, சிரித்தேன். ஒரு திருப்பத்தில் அவர் பின்தங்கிய நேரம் பார்த்து இறங்கி, ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த திருப்பத்தில் பாதையை மறித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். பச்சைத் தொப்பி, தோளில் துப்பாக்கி. நான் பிரேக்கை அழுத்த, பின்னால் வந்தவர் என் மட்கார்டில் வந்து மோதினார்.

"வைக்கோலைப் பார்க்கவில்லையா நீங்கள்?" என்று அந்த மனிதர் ஜெர்மனில் கேட்டார்.

பார்த்தோம் என்று பெருமையாகத் தலையாட்டினோம். அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. திராட்சை பழுக்கத் தொடங்கியதிலிருந்து அறுவடை வரைக்கும் தோட்டத்துக்குள் ஒருவரும் கால் வைக்கக் கூடாதாம். தோட்டத்துச் சொந்தக்காரர்கள்கூடக் குறித்த நாளில்தான் வரலாமாம். பாதை மூடியிருக்கிறது என்பதற்கு அடையாளம்தான் அந்த வைக்கோல், இந்த ஊரில் தவழும் குழந்தைக்குக்கூட அது தெரியும் என்றார். அவர் தோட்டங்களின் காவலர். நாங்கள் கேட்ட கல்யாண வெடி, குருவிகளை விரட்ட அவர் சுட்டது. வண்டியே வராத பாதை என்று நாங்கள் கொண்டாடியது, யாருமே வரக் கூடாத பாதை.

சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்தார். பெயரும் முகவரியும் எழுதி ஊர் அலுவலகத்தில் கொடுப்பாராம், அபராதம் வீட்டுக்கு வருமாம். "பாஸ்போர்ட்?"

என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. உலோகம் எந்தச் சூட்டில் வளையும் என்று ஜெர்மனில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர், மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வார்த்தை வராமல் திருதிருவென்று முழித்தார். என் ஜெர்மன் சந்தையிலும் கீழ் வீட்டு வாசலிலும் படித்தது. அங்கே பேச வேண்டியவள் நான்தான்.

வாயைத் திறக்காமல் நின்றிருந்தாலே போதும். நாளைக்கு டெர்மின், இன்றைக்கு அபராதம். இரண்டு வருடமாக நான் கேட்டது இதுதானே? சாமி இவ்வளவு சீக்கிரம், அதுவும் துப்பாக்கியோடு ஆள் அனுப்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பென்சில் நோட்டில் படப் போன நேரத்தில் நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பிவிட்டேன்.

"எழுதாதீர்கள். நாளைக்கு எங்களுக்கு டெர்மின். பாஸ்போர்ட் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் எழுதினால் எங்களை அனுப்பிவிடுவார்கள். நாங்கள் இங்கே இருக்க வேண்டும்."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. பக்கத்தில் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது, நான் அவரைப் பார்க்கவில்லை.

காவலர் பென்சிலை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "பழம் பறித்தீர்களா?"

"இல்லை" என்றார் இவர். ஜெர்மனில் அவர் அன்றைக்குத் தெளிவாகச் சொன்ன ஒரே வார்த்தை.

"ஒன்று" என்றேன் நான்.

"ஒரு குலையா?"

"ஒரு பழம்."

இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எப்படி இருந்தது?"

"இனிப்பு. தோல் மட்டும் கொஞ்சம் புளிப்பு."

அவர் குனிந்து பக்கத்துக் கொடியில் ஒன்றைக் கிள்ளி மென்று, விதையைத் துப்பினார். "இன்னும் பத்து நாள் ஆகும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கேட்டார், "வைக்கோலை என்னவென்று நினைத்தீர்கள்?"

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் திருஷ்டியை விளக்கினேன். நல்ல விளைச்சலைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களின் கண் முதலில் வைக்கோலில் விழுந்துவிடும், பயிர் தப்பித்துவிடும் என்றேன். அவர் கேலி செய்யவில்லை. தோட்டத்தை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது? முதுகுவலிதான்" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பைக்குள் வைத்தார்.

சும்மா விட்டுவிடவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கச் சொல்லி, பெரிய சாலை வரைக்கும் பின்னாலேயே வந்தார். ஊர் நடுவில், கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கணவர் பேன்ட்டில் நான், தலை குனிந்தபடி இவர், பின்னால் துப்பாக்கி. கையும் களவுமாகப் பிடிபட்ட கும்பல் நாங்கள். எனக்குக் கொஞ்சமும் வெட்கமாக இல்லை. பெரிய சாலையில் ஒரு லாரி காதைப் பிளந்துகொண்டு போனது. என் வாழ்நாளில் லாரியைப் பார்த்து அப்பாடா என்று சொன்னது அந்த ஒரு தரம்தான்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தோம். சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர் கேட்டார், "பேசாம இருந்திருந்தா ஊருக்கே போயிருக்கலாமேடீ. ஏன் அவ்வளவு கெஞ்சின?"

"சாதம் ஆறிப் போச்சு, சாப்பிடுங்க" என்றேன். காலையிலேயே ஆறிப் போன சாதம் அது.

மறுநாள் அலுவலகத்தில் எங்களைக் கூப்பிட்ட அதிகாரி தலை நிமிராமல் தாள்களைப் புரட்டினார். வழக்கு, அபராதம் என்று கேட்டார், இல்லை என்றோம். இவர் குரல் நடுங்கியது, நல்லவேளையாக என் குரல் நடுங்கவில்லை. இரண்டு பாஸ்போர்ட்டிலும் முத்திரை குத்தி, தேதி எழுதி, எங்கள் பக்கம் தள்ளினார். இரண்டு வருடம்.

வெளியே வந்து டிராம் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிடித்து வைத்திருந்த மூச்சு முழுவதும் அழுகையாக வந்தது. நெஞ்சு அவ்வளவு லேசாக இருந்தது. இவர் பதறிப்போனார். சுற்றிலும் ஆட்கள் இருந்தும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழாத. ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும். அப்புறம் நானே டிக்கெட் எடுக்கறேன், ஊருக்குப் போயிடலாம்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், "ரெண்டு வருஷம்தான் குடுத்தானா?"

அவர் என் கையை விடவே இல்லை. டிராம் வந்து, நின்று, எங்களை ஏற்றிக்கொள்ளாமலே போனது.