குன்னூரில் கிர்பா சிங்கைத் தேடி

காலை ஆறரை மணிக்குக் கோவை ஆர்.எஸ்.புரத்திலிருந்து புறப்பட்டோம். குன்னூர் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் எங்கள் அடுத்த வீட்டு பல்ஜீத்தம்மா, வயது எண்பத்தாறு. பஞ்சாபில் பிறந்து, வாகன உதிரிபாக வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வயதில் கோவைக்கு வந்தவர். இப்போது அவர் பேசுவது எங்கள் தமிழ்தான்.

போன மாதம் குன்னூர் பஸ் நிலையத்தருகே ஒரு தோல்கடையில் பையின் வாரைத் தைக்கக் கொடுத்திருந்தேன். சுவரில் பழைய படமொன்று மாட்டியிருந்தது. குதிரைமேல் தலைப்பாகை கட்டிய இளைஞர். கையில் போலோ மட்டை. கீழே கிர்பா சிங் என்று பெயர். கைபேசியில் எடுத்துவந்து, உங்கள் ஊர்க்காரராக இருக்குமோ என்று பல்ஜீத்தம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"எங்கப்பா, தம்பி" என்றார்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது மீதியைச் சொன்னார். இப்போது பாகிஸ்தானில் இருக்கும் லயல்பூர் பக்கத்து விவசாயியின் மகன் கிர்பா சிங். குதிரைப்படையில் லாயம் கூட்டச் சேர்ந்தவர், ஒரு சமஸ்தானத்துப் போலோ அணியின் முதல் ஆட்டக்காரர் ஆனார். பந்தை ஓட்டிக்கொண்டு அவர் திரும்பினால் துரைமார்களே எழுந்து நின்று கூவுவார்களாம். மகளுக்கு ஏழு வயதானபோது ஊட்டிக்கு ஆட வந்தார். குதிரை அவர்மேலேயே விழுந்து தொடையெலும்பு முறிந்தது. கால் சரியானதும் வருகிறேன் என்று கடிதம் எழுதினார். மறுவருஷம் நாடு பிரிந்தது.

"எங்களைக் கூட்டிட்டுப் போக வந்தவரை ரயில்லயே வெட்டிட்டாங்கன்னு அகதி முகாம்ல ஒருத்தர் சொன்னாரு. அம்மா அன்னிக்கே வெள்ளை கட்டிட்டாங்க."

பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தினேன், பதினைந்து ரூபாய். அவர் இறங்கவில்லை.

ஒன்பதேகாலுக்குக் குன்னூர். கடைக்காரர் யூசுப் பாய்க்கு அறுபத்தைந்துக்கு மேலிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"ஏனுங்க, சிங்கோட மகளுங்களா நீங்க?"

"அப்பா எப்பப்பா செத்தாரு?"

"நான் நாலாவது படிக்கறப்பங்க."

இருவர் வயதையும் வைத்து நான் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பதற்குள் பல்ஜீத்தம்மாவே சொல்லிவிட்டார். "அப்ப நான் கோயமுத்தூர் வந்து ஒம்போது வருசம் ஆயிருச்சு."

யூசுப் பாயின் தந்தை குதிரைச் சேணம் தைத்தவர். அணி ஊர் திரும்பிய பிறகு, கால் ஊனமான ஆட்டக்காரரைத் தம் வீட்டு மாடியில் தங்கவைத்தார். எஸ்டேட் துரையொருவரின் குதிரைகளைப் பழக்கும் வேலை கிடைத்தது. பிரிவினையின்போது கிர்பா சிங் பஞ்சாபுக்குப் போய் ஆறு மாதம் முகாம் முகாமாக அலைந்தார். அவருடைய ஊரில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று யாரோ சொன்னதை நம்பித் திரும்பினார். துரை போய், குதிரைகளும் போன பின்பு இந்தக் கடையில் உட்கார்ந்து பை தைத்தார்.

"தலப்பாக் கட்டுன ஆள் யாரு பஸ்ஸவிட்டு எறங்குனாலும் கால இழுத்துக்கிட்டே ஓடுவாருங்க. லயல்பூர் ஆளுக யாராச்சும் தெரியுமான்னு கேப்பாரு. சாகற வரைக்கும் கேட்டாருங்க."

"நாங்க ஒவ்வொரு மே மாசமும் ஊட்டிக்கு வருவோம்" என்றார் பல்ஜீத்தம்மா. "இங்கதான் எறங்கி டீ குடிப்போம்."

யூசுப் பாய் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "கொள்ளி எங்கத்தாதான் வெச்சாருங்க. உங்க மொறை தெரியல. தெரிஞ்ச மாதிரி செஞ்சோம்" என்றார்.

பல்ஜீத்தம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தம் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

பதினொன்றரைக்கு இறங்கத் தொடங்கினோம். மூன்றாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் பேசினார்.

"கல்யாணத்தப்ப என் வீட்டுக்காரரும் தலைப்பாகை கட்டிட்டுத்தான் இருந்தாரு, தம்பி. கோயமுத்தூர்ல எல்லாரும் நின்னு நின்னு பாக்கறாங்க, வெக்கமா இருக்குதுன்னு தலைப்பாகைய எடுத்துட்டு முடிய வெட்டச் சொன்னது நான்தான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். மேட்டுப்பாளையத்து வெக்கை காருக்குள் வந்தது. எனக்குத் தெரிந்தவரை குன்னூர், காலையில் போய்க் குளிர் வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடுகிற ஊர். அவ்வளவு பக்கம்.

ஆர்.எஸ்.புரத்தில் இறங்கும்போது, "எங்கப்பா எனக்கு இன்னிக்குத்தான் செத்தாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் நானும் என் மனைவியும் அடுத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனோம்.