கோர்ட்டில் நிற்காத தண்ணீர்

என் மனைவிக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எங்கள் சின்ன ஊரான லாயாங் லாயாங்கிலிருந்து குளுவாங் டவுனுக்கு நான்தான் காரில் அழைத்துப் போவேன். அன்று காலை அவள் செருப்பு மாட்டித் தயாராக உட்கார்ந்திருந்தபோது டயாலிசிஸ் நிலையத்திலிருந்து போன் வந்தது. ஆற்றில் அமோனியா கலந்துவிட்டதாம். குடிநீர்ச் சுத்திகரிப்பு ஆலையை மூடிவிட்டார்களாம். தண்ணீர் லோரி வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். இரத்தத்தைக் கழுவும் இயந்திரத்துக்கு நல்ல தண்ணீர் நிறைய வேண்டும். இவளோ டாக்டர் சொன்னபடி தாகத்துக்கே சின்னக் கிண்ணத்தில் அளந்து குடிப்பவள்.

எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஆற்றுப் பாலத்துக்குப் போனேன். ஆறு கறுத்து, நுரைத்து, நாறியது. கரையில் இறங்கி, மினரல் வாட்டர் பாட்டில் ஒன்றில் அதைப் பிடித்தேன். நேரே சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போய், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டவன் மாதிரி மேசையில் வைத்தேன்.

அதிகாரி நம் தமிழ்ப் பெண்தான்.

"இத எடுத்துக்க முடியாது அங்கிள். நாங்களே போயி, பைப் வாயிலயே எடுத்து, சீல் வச்சாத்தான் கோர்ட்ல நிக்கும்."

"எந்த ஃபேக்டரி பைப்பும்மா?"

"அதத்தான் நாங்களும் தேடணும்."

சட்டம் கடுமையாகத்தான் இருக்கிறதாம். அபராதத்தைக்கூட உயர்த்தியிருக்கிறார்களாம். ஆனால் ஆறு மாநிலத்தின் பொறுப்பு, ஆலைக் கழிவு மத்திய அரசின் பொறுப்பு. நடுவில் என் மனைவி யார் பொறுப்பு என்று கேட்க வாய் வரை வந்தது. பாவம், அந்த அதிகாரிப் பெண் என்ன செய்வாள்? புகாரைப் பதிந்துகொண்டு, பாட்டிலை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

அன்று மாலை மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது ஆறு தெளிந்திருந்தது. அந்த அதிகாரிப் பெண்ணே போன் செய்தாள்.

"மீட்டர் வச்சுப் பார்த்தோம் அங்கிள். இப்ப எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் இருக்கு. சோரி."

அதற்குள் மனைவியின் கால்கள் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியிலேயே சாய்ந்திருந்தாள். போன் அடிக்கும்போதெல்லாம், "கூப்பிட்டுட்டாங்களாங்க?" என்பாள். பெரிய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடலாம் என்று கார் சாவியை எடுத்தேன். அப்போதுதான் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். லோரி வந்துவிட்டது.

சிகிச்சை முடிந்து திரும்பினோம். அவள் முகம் தெளிந்திருந்தது. சமையலறைப் பக்கம் போனவள் மூக்கைச் சுளித்தாள்.

"அந்தப் பாட்டில இன்னும் ஏன் வச்சிருக்கீங்க? நாறுது. ஊத்திடுங்க."

பின்வாசலுக்கு எடுத்துப் போனேன். அங்கே இருப்பது லோங்காங்தான். எங்கள் வரிசை வீடுகளின் கழிவுநீரெல்லாம் அந்தச் சாக்கடை வழியாக அதே ஆற்றுக்குத்தான் போகிறது. மூடியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

"என்னங்க, ஊத்தியாச்சா?"

"இதோ" என்று சொல்லி ஊற்றினேன். நாளை மறுநாள் அவளுக்கு மறுபடியும் டயாலிசிஸ்.