கண்ணை மூடிய நேரம்

நான் ஜெபிக்க எழுந்தால் எங்கள் சபையில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், அவ்வளவு நீளம். திருப்பதி பஸ் ஸ்டாண்டில், சித்தூர் பஸ் ஏறுமுன், மறதி நோயுள்ள அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பயண ஜெபம் தொடங்கினேன். டிரைவர் முதல் டயர் வரை ஆசீர்வாதம் கேட்டுவிட்டுக் கண் திறந்தால், அம்மா இல்லை.

தன் பெயரையே மறந்தவள். கூட்டத்துக்குள் ஓடினேன். நீள ஜெபமெல்லாம் போய், "ஆண்டவரே!" என்பது மட்டுமே வாயில் வந்தது.

கடைசி பிளாட்பாரத்தில், மலையில் மொட்டையடித்து வந்த ஒரு குடும்பத்தின் நடுவே அம்மா லட்டு தின்றுகொண்டிருந்தாள். ஒரு பெண் அவள் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"தனியா போய்க்கினு இருந்தாங்கண்ணா. யாராச்சும் தேடிக்கினு வருவாங்கன்னு எங்க பஸ்ஸைக்கூட விட்டுட்டோம். நீங்க எங்க போனீங்க?"

"ஜெபம் பண்ணிக்கினு இருந்தேம்மா."

"கண்ணைத் தொறந்துக்கினே பண்ணுங்கண்ணா, சாமி கோச்சிக்காது."

சிரிக்கப் போனவன் அழுதுவிட்டேன். அம்மா என் கன்னத்தைத் துடைத்தாள்.

"அழாத கண்ணு. உங்கம்மா வந்துருவாங்க."

இப்போதும் நீளமாகத்தான் ஜெபிக்கிறேன், அம்மாவின் கையைப் பிடித்தபடி. நான் கூப்பிடுவதற்கு முன்பே ஆண்டவர் அந்தக் கைக்கு ஒரு துணை அனுப்பியிருந்தாரே, அதற்கு நன்றி சொல்லவே நேரம் போதவில்லை.