ஆர்சீனியோ காரின் வளைந்த குழாய்

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் என் இடது தோளைப் பார்க்கலாம், குழாய் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. பேய் வருகிற நேரமும் இல்லை அது, பட்டப்பகல். இன்னொன்றையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். காரைத் தூக்கிப் பிடிக்கிற எண்ணெய் ஓடும் அந்த ஹைட்ராலிக் ஹோஸை வெட்டியது பேய் இல்லை. நான்தான். பதினாறு வருட மெக்கானிக் அனுபவத்தோடு, மிக நேர்த்தியாக.

எங்கள் ஊர் எஸ்பன்யோலாவில் கார் என்பது ஓடுவதற்கு மட்டும் இல்லை. ஒரு பொத்தானை அமுக்கினால் முன்பக்கம் எழும்பும், இன்னொன்றை அமுக்கினால் தரையோடு படுக்கும். செத்தவர்களின் முகத்தை டிக்கி மூடியில் வரைந்து ஊர்வலம் விடுவோம். வயோலா அக்கா என் பட்டறைக்குக் கொண்டுவந்த பழைய காரின் டிக்கியில் அவள் தம்பி ஆர்சீனியோ சிரித்துக்கொண்டிருந்தான். காரை உருவாக்கியவனும் அவன்தான். ஒன்பது வருடமாகக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. ஈஸ்டர் ஞாயிறு ஊர்வலத்துக்காக இப்போது பக்கவாட்டில் புதிதாகத் தகடு இறக்கியிருந்தார்கள். கார் படுத்தால் தகடு சிமெண்டைத் தொடும், எறும்புகூட நுழையாது. சிக்கல் ஒன்றுதான். சைலன்சர் குழாய் அந்தத் தகட்டில் இடித்தது.

ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே குழாய் வில்லாக வளைந்து வெளியே போய், மறுபடி உள்ளே வந்தது. எதைச் சுற்றி என்று பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் இடம்.

"இதை வளைக்கும்போது உன் தம்பி எத்தனை பீர் குடிச்சிருந்தான்க்கா?"

அவள் சிரிக்கவில்லை. "நேராக்கிடு. ஆனா பெரிய வெள்ளி அன்னைக்குக் கை வைக்காத."

"ஏன்?"

"ஆண்டவர் மரிச்ச நாள் இல்லையாடா?"

நான் இந்த ஊருக்கு வந்து நாலு வருடம்தான். அதனால் கேட்டேன். "ஆர்சீனியோ எப்படிச் செத்தான்?"

"நெஞ்சு வலி," என்றாள், கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு.

வியாழன் வேறொரு வண்டியில் போயிற்று. வெள்ளியன்று ஊரே சிமயோ கோயிலுக்கு யாத்திரையாக நடந்து போயிருந்தது, வயோலா அக்காவும். ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி ஊர்வலத்தில் இல்லாமல் போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? பட்டறையைத் திறந்தேன்.

மணி 2:35. பொத்தானை அமுக்கிக் காரின் முன்பக்கத்தைத் தூக்கினேன். பற்றவைக்கும் வேலை இருந்ததால் பாட்டரி வயர்களைக் கழற்றினேன். அதில் நான் கெட்டிக்காரன். முட்டுக்கொடுக்கும் ஸ்டாண்டை வைக்கவில்லை. அது பத்தடி தள்ளி இருந்தது. அதில் நான் சோம்பேறி.

அடியில் படுத்து டார்ச் அடித்தேன். வளைவில் ஒட்டு இல்லை. மெஷின் பிடித்த தடம் இல்லை. ஒரு சுருக்கம்கூட இல்லை. இரும்பு அப்படி வளையாது. பொறாமையோடு கட்டிங் மெஷினை வைத்தேன்.

ஒரு கீறல்தான் விழுந்தது. மெஷின் துள்ளியது. பக்கத்தில் ஹோஸ்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

எண்ணெய் முகத்தில் அடித்தது. கார் இறங்கியது. தலையைத் திருப்ப ஒரே இடம்தான் இருந்தது. அந்த வளைவுக்குள்.

தட்.

வெளிச்சம் போயிற்று.

உயிரோடு இருந்தேன். தலையும் தோளும் அந்த வெற்றிடத்தில் அளவெடுத்த மாதிரிப் பொருந்தியிருந்தன. நெஞ்சின் மேல் கார். பாதி மூச்சுதான் வந்தது. கத்தினேன். கேட்க நாய்கூட இல்லை. போன் சாப்பாட்டுப் பையில் இருந்தது.

பட்டறை ரேடியோவில் மணி மூன்று என்றார்கள். ஜெபம் தொடங்கியது. நடுவிலேயே ரேடியோ நின்றது.

அப்போதுதான் குழாய் சூடானது.

நேற்றிலிருந்து எஞ்சின் ஓடவில்லை.

தோள் பொசுங்கியது. நகர இடமில்லை. கால் மரத்துப்போனது. மூச்சு இன்னும் குறைந்தது...

பிறகு இன்னொரு மூச்சு கேட்டது.

என்னுடையது இல்லை. நான் வெட்டிய கீறலுக்குள்ளிருந்து. உள்ளே... வெளியே... உள்ளே...

பீர் வாசனை.

"அசையாதடா."

காதுக்குப் பக்கத்தில். ஆண் குரல்.

ம்ம்ம்ம்... பம்ப் முனகியது.

பாட்டரி வயரைக் கழற்றியவன் நான்.

ஹோஸை வெட்டியவன் நான்.

கார் எழும்பியது.

ஒரு சாண்.

உருண்டேன்.

தட்.

மணி 3:20.

ஐந்தரைக்கு வயோலா அக்கா வந்தாள். செருப்பெல்லாம் புழுதி, கையில் நோவு தீர்க்கும் என்று எல்லோரும் எடுத்து வருகிற கோயில் மண் பொட்டலம். வாசலில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள். உள்ளே படுத்துக் கிடந்த காரைப் பார்த்தாள். திட்டவில்லை. மண்ணை எடுத்து என் தோளைச் சுற்றித் தடவினாள்.

"நெஞ்சு வலின்னு மறுபடி சொல்லாதக்கா," என்றேன். "எப்படிச் செத்தான்?"

மீதி மண்ணைப் பொட்டலமாக மடித்தாள். பிறகு என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"இதே காருக்கு அடியிலதான். பெரிய வெள்ளி. மணி மூணு."

"அந்த வளைவுல தலையை வெச்சிருக்கலாமே?"

"அப்ப குழாய் நேராத்தான்டா இருந்துச்சு. காரைத் தூக்கி அவனை எடுத்தப்பவும் நேராத்தான் இருந்துச்சு. அடக்கம் முடிஞ்சு வந்து கொட்டகையைத் திறக்கிறோம், வளைஞ்சு கிடக்கு. தகடு இடிக்கிறதுக்காக மட்டும் இல்லடா, அதைப் பார்க்க முடியாமத்தான் உன்னை நேராக்கச் சொன்னேன்."

"யாராவது உள்ள போய்..."

"சாவி என்கிட்டதான் இருந்துச்சு."