கடலுக்கு ஊற்றாத தண்ணீர்

அருப்புக்கோட்டையில் எங்கள் தெருக் கிணறு வறண்டுபோன கோடையில், நானும் மனைவியும் லீவுக்குத் தூத்துக்குடி போய், ஒரு சின்னக் கப்பலில் கடலைச் சுற்றிவந்தோம். எல்லாரும் கும்மாளமிட்டார்கள். அவ்வளவு தண்ணீரையும் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

சாப்பிட்டதும் மனைவி, ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீரில் டிபன் கேரியரைக் கழுவினாள். கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் தூக்குவாளியில் ஊற்றி மூடினாள். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அது செடிக்குத்தான் போகும்.

“அதக் கடல்ல ஊத்தித் தொலையேன்!” என்று கத்தினேன்.

“கடலுக்கு எதுக்குங்க? நம்ம முருங்கைக்கு ஆகும்.”

பஸ்ஸில் மடியிலேயே வைத்துச் சிந்தாமல் கொண்டுவந்தாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முருங்கை மூட்டில் ஊற்றினாள்.

அது பட்டுப்போய்விட்டதென்று, ஊரைவிட்டுக் கிளம்பும்போதே எங்கள் இருவருக்கும் தெரியும்.