இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

மெர்லிமாவ் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த குன்றில், விளிம்பு நெளிந்த ஓர் அலுமினியத் தகடுதான் சாமி. ஜப்பான்காரன் காலத்தில் அங்கே ஒரு போர் விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் செத்துக் கிடந்த வெள்ளைக்காரனை என் தாத்தா யாருக்கும் தெரியாமல் புதைத்து, மேலே அந்தத் தகட்டை நட்டு வைத்தாராம். பாவமே என்று ஏற்றிய விளக்கு நாளடைவில் பூசையாகி, செத்தவன் கப்பல் முனியாகிவிட்டான். விமானத்தை நாங்கள் கப்பல் என்றுதானே சொல்வோம்! சுருட்டும் கள்ளும் படையல்.

தாத்தாவுக்குப் பிறகு விளக்கு என் அத்தையின் பொறுப்பு. மகன் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் நீ இங்கே இருக்கும்வரை வெள்ளிதோறும் வருகிறேன் என்று முனியிடம் வேண்டிக்கொண்டாள். பிழைத்தான். வளர்ந்து பட்டணத்துப் பக்கம் பாச்சாங்கில் வீடும் வாங்கிவிட்டான். தொண்ணூறுகளில் தோட்டமே காலியாகிக்கொண்டிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் நாலைந்து குடும்பங்கள்தாம் மிச்சம். பேரப்பிள்ளைகளோடு இருக்க அத்தைக்கு உயிர் துடிக்கும். "என்னய கட்டிப் போட்டுட்டான் படுபாவி" என்று குன்றைப் பார்த்துத் திட்டுவாள். வெள்ளிக்கிழமை வந்தால் எண்ணெயோடு ஏறுவாள்.

அப்போதுதான் செத்தவனின் தம்பி சீமையிலிருந்து விமானம் விழுந்த இடத்தைத் தேடி வந்தார். தள்ளாத கிழவர். தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்த என்னை இங்கிலீஷ் பேச அழைத்திருந்தார்கள். எலும்புகளைக் கொண்டுபோய்த் தாயார் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்றார். படையலைப் பார்த்து, அண்ணன் புகை பிடித்ததே இல்லையே என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும் அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயையோ! புடிக்காததயே குடுத்திருக்கேன், ஒரு வார்த்த சொன்னானா பாரு!"

லயத்து ஆட்கள் மறித்துக்கொண்டார்கள். "சாமிய தோண்டுனா சும்மா விடுமா? குடும்பத்தோட அழிஞ்சி போவோம்லா!" கிழவர் என் முகத்தையே பார்த்தார். எந்தப் பக்கம் பேசினாலும் பாவம் என்று நான் அத்தையைப் பார்த்தேன். அத்தைதான், பூப்போட்டுப் பார்ப்போம் என்றாள். ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு என்று சொல்லி அவளே மடித்து வைத்தாள். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். கிழவர் ஒன்றை எடுத்தார். வெள்ளை. அதற்குமேல் யார் பேச முடியும்?

மற்றப் பொட்டலத்தை அத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள். குன்றிறங்கும்போது அது நழுவி அவிழ்ந்தது. அதிலும் வெள்ளைப் பூ. நான் குனிந்து எடுக்கப் போனேன். அத்தை சட்டென்று அதைக் காலால் புதருக்குள் தள்ளிவிட்டு நடந்தாள்.

எலும்புகள் சீமைக்குப் போயின. அத்தை பாச்சாங்குக்குப் போனாள். சில மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்தார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. திருட்டுப் பயமாம், மகன் இரும்புக் கிரில் கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தை தேத்தண்ணி கலக்கி வந்தாள். கோப்பை கம்பிக்குள் நுழையவில்லை.

"ரெண்டுலயும் ஏன் அத்த வெள்ளப் பூ வெச்சீங்க?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அவன் போனாத்தானேடி நான் வெளிய வர முடியும்?"